பூசணிக்காய் ஏறிய தேர்

செங்குன்றக் கோட்டையை ஆண்ட கேசரிவர்மனுக்கு மனசு நல்லது. கைவேலைதான் வராது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அவனிடம் சொல்லத்தான் ஆளில்லை.

மகள் பூங்கோதைக்குத் திருமணம் நிச்சயமானது. மலைமேல் இருக்கும் கோட்டையிலிருந்து அடிவாரத்து மணப்பந்தலுக்கு, தன் பாட்டனாரின் பழைய தேரில்தான் அவள் இறங்க வேண்டும் என்று மன்னன் ஆசைப்பட்டான். அந்தத் தேரோ கொட்டகையில் வௌவால்களுக்கு வீடாகக் கிடந்தது. தச்சர்களின் தலைவர் வந்து தட்டிப் பார்த்தார். கூலியைச் சொன்னார். அதோடு நிற்காமல், "வேலை முடியும்வரை யாரும் கொட்டகைக்குள் வரக் கூடாது" என்றார்.

"நான்கூடவா?"

"முக்கியமாக நீங்கள், அரசே."

மன்னனின் முகம் சிவந்தது. இதற்காகவே காத்திருந்தவர்போல அமைச்சர் அனந்தகிரி முன்னால் வந்தார்.

"மரத்தைச் செதுக்குவது ஒரு வித்தையா, அரசே? நாட்டையே செதுக்கிய கை உங்களுடையது. இவர்களுக்கு எதற்கு அள்ளிக் கொடுப்பது?"

தச்சரை அனுப்பிவிட்டு மன்னன் உளியை எடுத்தான்.

அதன்பிறகு கொட்டகையில் நடந்ததை வேலை என்று சொன்னால் வேலைக்குத்தான் அவமானம். செல்லரித்த சட்டங்களை அவன் மாற்றவில்லை. அவற்றின் மேலேயே மயில்கழுத்து நிறத்தில் வண்ணம் பூசினான். சுத்தியல் ஆணியைவிட அவன் கட்டைவிரலைத்தான் அதிகம் கண்டது. ரத்தம் சொட்டினால் அமைச்சர், "மங்கலத் திலகம்!" என்றார். சக்கரம் கோணினால், "ஆஹா, நிற்கும்போதே நடனம்!" என்றார். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது, ஒரு கூடை நிறைய ஆணிகளும் கட்டைகளும் தரையில் மிஞ்சிக் கிடந்தன.

"இவை எங்கே போக வேண்டியவை?" என்று மன்னன் தலையைச் சொறிந்தான்.

"எங்கும் இல்லை, அரசே. அந்தக் காலத்துத் தச்சர்கள் கூலியைக் கூட்டுவதற்காக அடித்து வைத்தவை. நீங்கள் தேரின் கொழுப்பைக் கரைத்துவிட்டீர்கள்!"

மன்னன் பூரித்துப் போனான். தேரைக் குறை சொல்பவருக்குச் சிறை என்று முரசும் அறைந்தாயிற்று.

பூங்கோதை அரசவை விகடன் கூத்தனைத் தேடிப் போனாள்.

"கூத்தரே, அந்தத் தேரைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன், அம்மா. ஓர் ஈ உட்கார்ந்தது. தேர் முனகியது."

"நாளை அதில் நான் மலையிறங்க வேண்டும். நான் பார்க்க வேண்டியது மாப்பிள்ளை முகத்தை. பள்ளத்தாக்கை அல்ல. அப்பாவிடம் சொன்னால், 'என் கைமேல் நம்பிக்கை இல்லையா?' என்று கண் கலங்குகிறார்."

"குறை சொன்னால்தானே சிறை? நான் புகழ்ந்துவிட்டு வருகிறேன்" என்று கூத்தன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

சபையில் தேரை நிறுத்தியிருந்தார்கள். கூத்தன் அதைச் சுற்றி வந்து கைகூப்பினான்.

"இப்படி ஒரு தேரை நான் பார்த்ததே இல்லை, அரசே. ஆனால் மணப்பெண் ஏறுமுன் வெள்ளோட்டம் விட வேண்டாமா? மாட்டு வண்டிக்கே அந்த மரியாதை உண்டே."

"விடத்தான் வேண்டும். முதலில் யார் ஏறுவது?"

"இதன் அருமை தெரிந்தவர்தான். அமைச்சரை விட்டால் வேறு யார்?"

அனந்தகிரியின் முகம் வெளுத்தது. "எனக்கு... எனக்கு இன்று சந்திராஷ்டமம்."

"மதியமே விலகிவிடுகிறதாமே. சோதிடரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்."

"இடுப்பு வேறு பிடித்திருக்கிறது..."

"நல்லதாகப் போயிற்று. நடக்க வேண்டாம், தேரில் போகலாம்."

சபையில் யாரோ செருமிச் சிரிப்பை மறைத்தார்கள். அமைச்சர் மன்னனின் பக்கம் திரும்பிக் குழைந்தார். "அரசே, ஏறுகிறேன். அதற்குமுன் அந்தக் கூடையில் இருப்பதை மட்டும் கொஞ்சம்... மாட்டிவிட்டால்..."

"அவை வீண் என்றீரே?"

"அப்போது நான் ஏறுவதாக இல்லையே, அரசே!"

மன்னனின் புருவம் நெரிந்தது. கூத்தன் குறுக்கே வந்தான்.

"பாவம், இடுப்பு வலி. அமைச்சர் வர வேண்டாம், அவர் தலைப்பாகை வரட்டும். அது ஏறினால் அவர் ஏறியதுபோலத்தான்."

தலைப்பாகை அடுத்த நொடியே கழன்று வந்தது.

"ஆனால் இது தனியாக உட்காராதே, அரசே. உள்ளே ஒரு தலை வேண்டும். அரண்மனைச் சமையற்கட்டில் பூசணிக்காய் இருக்கும். அமைச்சர் தலைக்கு அது சரியாக இருக்கும்."

பூசணிக்காய்க்குத் தலைப்பாகை கட்டி ஆசனத்தில் அமர்த்தினார்கள். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பின்னால் வடம் கட்டி, மலைச்சரிவில் தேரை மெல்ல இறக்கினார்கள். முதல் வளைவு வந்தது. வலச் சக்கரம் வளைவோடு போனது. இடச் சக்கரம் அச்சிலிருந்து நழுவி நேராகப் போனது. நடுவில் இருந்த தேர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே பிரிந்து விழுந்தது. தலைப்பாகை ஒரு முட்புதரில் மாட்டிக்கொண்டது. பூசணிக்காய் பாறையில் மோதிச் சிதறியது.

மன்னன் சிதறிய பூசணிக்காயைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தான்.

"கூத்தா, இதற்கு என்ன சொல்கிறாய்?"

"என்ன சொல்ல, அரசே? தேர் புறப்படுமுன் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க ஓர் ஆள் வைப்பார்கள். உங்கள் தேர் அதையும் தானே உடைத்துக்கொண்டது. அந்தக் கூலியும் மிச்சம்!"

முதலில் சிரித்தவள் பூங்கோதை. பிறகு மன்னன், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டான். கூடையில் மிஞ்சிய ஆணிகளைக் கோத்து ஒரு மாலை செய்யச் சொன்னான். அது அமைச்சருக்கு.

திருமணத்தன்று பூங்கோதை பல்லக்கில் இறங்கினாள். தேருக்குத் தச்சரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் கூலியைக் கூட்டவில்லை. கொட்டகைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் கேட்டார்.