பின்வாசல் இல்லாத சங்கு

“நீ யாராக இருந்தாலும் சரி, நீ திருடன்தான். கேட்டு வாங்கத் துப்பில்லாமல் பின்வாசல் வழியாக வந்தவன் நீ.”

அந்தக் காலத்தில், கடலுக்குள் எல்லா உயிர்களும் பேசித் திரிந்தபோது, செவந்தி என்ற சங்கு, தான் கண்ணால் பார்த்திராத ஒருவனை இப்படித்தான் ஏசிக்கொண்டு அலைந்தாள்.

அப்போதெல்லாம் சங்கின் ஓடு மூங்கில் குழாய்போல நேராக இருக்கும். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். மூடி இருந்தது முன்வாசலுக்கு மட்டும்தான். பின்னறையில் செவந்தியின் ஒரே மகள் தூங்குவாள். அதனால் பின்வாசலுக்கும் ஒரு மூடி வாங்கிவிட வேண்டும் என்று, மகள் தூங்கும் ஓட்டைச் சுமந்தபடியே அவள் மூடி செய்யும் நண்டிடம் போனாள்.

நண்டு மூன்று பிடி புழு கேட்டது. செவந்தி இரண்டுக்கு மேல் ஏறவில்லை. அவள் பேரத்துக்குப் பெயர்போனவள். படியாவிட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாலு முழம் நகர்வதற்குள் விற்பவன் கூப்பிட்டுவிடுவான். அதுவரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் அவள் கணக்கு.

அன்றும் கிளம்பினாள். எதிர்பார்த்தபடியே குரல் வந்தது.

“தாயி, நில்லு. திரும்பிப் பாரு.”

செவந்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இறங்கி வருகிறான், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று மெதுவாக நகர்ந்தாள்.

“சும்மாவே தர்றேன், தாயி. திரும்பு.”

சும்மா தருகிறேன் என்றதும்தான் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. எந்த வியாபாரி அப்படிச் சொல்வான்? திரும்பினாள். பின்னறை காலியாகக் கிடந்தது. ஒரு நிழல் வந்தது, போனது; அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றது நண்டு.

அதன் பிறகு செவந்தி நேராகப் போகவே இல்லை. ஓரடி நகர்வாள், திரும்பிப் பார்ப்பாள். மறுபடி ஓரடி, மறுபடி திரும்பல். திரும்பித் திரும்பி ஓடு முறுக்கிக்கொண்டது. சுற்றுக்குமேல் சுற்றாகப் பின்னறை குறுகி, பின்வாசல் ஒரு முனையாக அடைபட்டேபோனது. அவள் ஏசியதும் அழுததும் வெளியே போக வழியில்லாமல் அந்தச் சுருளுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அன்று முதல்தான் சங்கு சுருண்டு கிடக்கிறது. சாவு விழுந்த வீட்டின் முன்னால் அதை எடுத்து ஊதுவதும் அன்று முதல்தான். ஊதுகிறவனின் மூச்சைக் கடன் வாங்கி செவந்திதான் கேட்கிறாள்: எடுத்தவனே, பேரம் பேச மாட்டேன், நீ சொல்லும் விலை எதுவானாலும் தருகிறேன், என் பிள்ளையைக் கொண்டுவந்து கொடு.