ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோல்

"என் பிள்ளையைப் பட்டினி கிடக்கச் சொன்னது யார்?"

கான்வென்ட் வரவேற்பறையில் உட்காராமலேயே கேட்டாள் எமரென்சியா. இடுப்பில் ஐந்து வயது ஜெனோவா துவண்டு கிடந்தாள். தோளில் பால் பிளாஸ்க்.

சிஸ்டர் கபிரியேல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஊரில் யாருக்கு மனசு கலங்கினாலும் இந்த சிஸ்டரைத்தான் தேடி வருவார்கள். அதிகம் பேசமாட்டார். எதையாவது செய்து காட்டுவார். போகிறவர்கள் முகம் தெளிந்து போவார்கள்.

எமரென்சியாவுக்கு அதுவே சந்தேகம். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசின ஃப்ளோரிதானே இது? உடுப்பு மாட்டினதும் அந்த வாய் எங்கே போயிற்று?

"நேத்து காலையிலேருந்து வெறும் பச்சத்தண்ணி, சிஸ்டர். சோத்தைக் கண்டா வாயைப் பூட்டிக்கிறா. கேட்டா, பாலன் இயேசுவுக்கு வைக்கோல் சேர்க்கிறாளாம்."

மூலையில் கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. நடுவில் காலியாய் ஒரு தீவனத் தொட்டி.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஞானோபதேச வகுப்பில் நடக்கிற வழக்கம் அது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் அது ஒரு ஒறுத்தல். ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோல். தொட்டியில் கொண்டுவந்து போட வேண்டும். பாலன் பிறக்கும்போது மெத்தென்று இருக்கும்.

எமரென்சியாவும் போட்டவள்தான். ஃப்ளோரியும்.

"வகுப்புல நான் ஒரு மிட்டாயை விட்டுக்கொடுங்கன்னேன். சோத்தைப் பத்தி வாயே திறக்கலை."

"அப்போ சமையல்கட்டு சிஸ்டரா?"

"அவங்க வேண்டாம்னாலும் ரெண்டு கரண்டி கூடப் போடுறவங்க."

"ஃபாதர்?"

"போன ஞாயிறு பிரசங்கத்துல, பிள்ளைங்களுக்கு முட்டை கொடுங்கன்னார்."

"என் மாமியார்?"

"அதைப் போய் என்கிட்டே கேக்குறியே."

சிரிப்பு வந்தது எமரென்சியாவுக்கு. உடனே அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம் வந்தது. சிரிக்க வைத்தே வாயை அடைத்துவிடுவார்கள் இங்கே.

"எல்லாரும் நல்லவங்கதான். யாருமே சொல்லலை. அப்புறம் எப்படிடி இது தலைக்குள்ளே போச்சு?" கோபத்தில் 'சிஸ்டர்' கழன்று விழுந்தது. "பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்கு, ஃப்ளோரி. அதுவரைக்கும் தாங்குமா இந்த உடம்பு?"

சிஸ்டர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"பசிக்கலையா கண்ணு?"

"பசிக்குது."

"அப்போ சாப்பிடேன்."

"பாலனுக்குக் குளிருமே."

சிஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றி வைத்திருந்த பாலன் சுரூபத்தை எடுத்தார். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார்.

"இது சுண்ணாம்புல செஞ்ச பொம்மைம்மா. தொட்டுப் பாரு. இதுக்கு எங்கே குளிரப்போகுது?"

ஜெனோவா ஒரு விரலால் தொட்டாள். வெளியே மார்கழி மழை. அலமாரிக்குள் கிடந்த சுரூபம்.

பிள்ளையின் உதடு பிதுங்கியது.

"ஐஸா இருக்காரு. இப்பவே குளிருதும்மா அவருக்கு."

எமரென்சியா சிஸ்டரின் முகத்தைக் கண்ணால் துழாவினாள். இது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா? ஒன்றும் பிடிபடவில்லை.

சிஸ்டர் சுரூபத்தை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு, உன் பிள்ளைக்கு."

சொல்லத்தான் வாயெடுத்தாள். பொம்மைக்குக் குளிராது, அது வெறும் பொம்மை. ஆனால் பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இனி வாதாட நேரமில்லை.

சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தி, சுரூபத்தைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் அப்படியே இருந்தாள்.

"இப்போ தொடு."

ஜெனோவா தொட்டாள். கண் அகன்றது.

"சூடாயிட்டாரு!"

"பாத்தியா? அம்மா வச்சுக்கிட்டா அவருக்குக் குளிரவே குளிராது. வைக்கோலே வேண்டாம். நீ பாலைக் குடி."

பிள்ளை குடித்தாள். ஒரு தம்ளர். மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தம்ளர். மேலுதட்டில் வெள்ளை மீசை.

எமரென்சியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல உங்களுக்கெல்லாம் ஒரு நாக்கு இல்லாமப் போச்சு. துறவறமாம், தியானமாம்!"

சிஸ்டர் சுரூபத்தை வாங்கி மறுபடி துணியில் சுற்றினார்.

மணி அடித்தது. ஞானோபதேசத்துக்கு வந்த சின்னப் பெண்கள் வராந்தாவில் திமுதிமுவென்று ஓடிவந்தார்கள். ஜெனோவா மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவர்களிடம் போனாள். இரண்டு தம்ளர் பாலின் தெம்பு குரலில் இருந்தது.

"ஏ, நான் பாலனைத் தொட்டேனே! எங்கம்மா சேலைக்குள்ளே வச்சுச் சூடாக்கினாங்க."

"பொய்யி."

"சத்தியமா. வைக்கோல் போட்டா ஆகாதாம். அம்மா வயித்துல வச்சாத்தான் சூடாவாராம்."

"அப்போ நாளைக்கு நானும் எங்கம்மாவைக் கூட்டியாறேன்."

"நானும்."

"நானும்."

கடைசியாக ஒரு மெல்லிய குரல். "எனக்கு அம்மா இல்லையே."

வராந்தாவில் சத்தம் அடங்கியது. ஜெனோவா யோசிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அப்போ நீ குடில் பக்கம் வரக்கூடாது."

எமரென்சியா பதறி எழுந்தாள்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"நானும் சொல்லலை" என்றார் சிஸ்டர் கபிரியேல்.