இடி போய்ச் சேராத நாற்காலி

பொன்னுரங்கம் வாழ்நாளெல்லாம் மைக் செட் போட்டவர். கல்யாணமோ காதுகுத்தோ, அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பக்கத்து ஊர் நாய் எழுந்து குரைக்கும். ஐம்பதைத் தாண்டியபின் ஒருநாள் அவருக்குத் தோன்றியது: எனக்குச் சத்தம் போடத் தெரியும், சத்தத்தை வைக்கத் தெரியாது.

சேலத்தில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் நிலோபரிடம் போய்ச் சேர்ந்தார். நிலோபருக்கு அவர் மகள் வயது. ஆனாலும் டீச்சரம்மா என்றே கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் நிலோபர். மனுஷன் கேட்கிற ஆளில்லை.

நிலோபர் சொன்ன முதல் பாடம் இது.

"தரை அதிரக் கூடாதுண்ணா. தரை அதிர்ந்தா அது சத்தமில்ல, தொந்தரவு."

பொன்னுரங்கம் அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தடித்த ரப்பர் மெத்தை இல்லாமல் போனதில்லை. இடிச்சத்தமும் முரசுச் சத்தமும் வருகிற பெரிய பெட்டி இருக்கிறதே, சப்வூஃபர், அதன் அடியில் மெத்தையைப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய வீடு. மாடியில் பலகைத் தரை போட்ட நீள அறை. அந்த வீட்டு அருமைநாதன் ஒரு சப்வூஃபர் வைத்திருந்தார். அது போதவில்லை என்று இன்னொன்றும் வாங்கியிருந்தார். இரண்டையும் சேர்த்து அமைக்கும் வேலையை நிலோபர் பொன்னுரங்கத்திடம் விட்டிருந்தார். முதன்முறையாகத் தனியாக.

வேலை முடியவில்லை. ஆளனுப்பாத குறையாக நிலோபரைக் கூப்பிட்டார்.

நிலோபர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மலை முழுக்க மேகம். அந்த ஊரில் மேகத்துக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. ஜன்னல் வழியாக வந்து, சோபாவைச் சுற்றி, திரைக்கு முன்னால் சற்று நின்று, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. அறையில் இருந்தவர்கள் பாதி தெரிந்தார்கள், பாதி தெரியவில்லை. பேச்சுகூட ஈரமாக இருந்தது.

ஜன்னலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி. அதில் அருமைநாதனின் மனைவி எஸ்தரம்மா உட்கார்ந்திருந்தார்.

"சத்தத்துல ஒரு குறையுமில்ல டீச்சரம்மா" என்றார் பொன்னுரங்கம். "நடு நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. நெஞ்சுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும்."

நிலோபர் உட்கார்ந்து பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

"அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அந்தம்மா நாற்காலிக்கு ஒண்ணுமே போகலீங்க. ஒரு பெட்டிக்கு ரெண்டு பெட்டி ஆச்சு. முடிஞ்ச மட்டும் கூட்டியும் வெச்சாச்சு. கூட்டக் கூட்ட நடு நாற்காலிதான் குலுங்குது. ஜன்னல் பக்கம் செத்துக் கிடக்கு. அந்தம்மாவ நடுவுல வந்து உட்காரச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது."

எஸ்தரம்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்று நிலோபரிடம் சொன்னார். "ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோயிருச்சு. நடுவுலயும் உட்கார்ந்து பார்த்தாச்சு. அங்கயும் ஒண்ணுமில்ல. இங்கன்னா மலையாவது தெரியுது."

"படம் பார்ப்பீங்களாம்மா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம பார்ப்போம். கீழ எழுத்து ஓடுதே, படிச்சுக்குவேன். இடி மட்டும் எழுத்துல வர்றதில்ல." சிரித்தார். "இவரு திடுக்கிடுவாரு. அதைப் பார்த்து, சரி, இடி விழுந்துருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். நான் பார்த்துட்டு இருக்கறது படத்தையா இவரையான்னு எனக்கே தெரியல. அலுத்துப்போச்சு. இனிமே நீங்களே பாருங்க, நான் கீழ இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அருமைநாதன் மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தன் உதட்டை அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக.

"இன்னிக்கு ஆகலைன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். "நான் ஒருத்தன் தனியா உட்கார்ந்து பார்க்கறதுக்கு எனக்கு இது வேண்டாம்."

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

பெட்டிக்கு இடம் தேட இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. பெட்டியைத் தூக்கி, ஆள் உட்காரும் நாற்காலியில் வைப்பார்கள். அதை ஒலிக்கவிட்டு, வைக்க வந்தவர் தரையில் குழந்தை மாதிரி தவழ்ந்து போவார். சத்தம் எங்கே நிறைவாக இருக்கிறதோ, அங்கே பெட்டியை இறக்குவார்கள். பிறகு நாற்காலியில் உட்காருகிறவருக்கு அதே நிறைவு கிடைக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் வேலைக்காகும்.

"தவழ்ந்தீங்களாண்ணா?"

"முட்டி தேயத் தவழ்ந்தேன்."

"பெட்டி எந்த நாற்காலியில இருந்துச்சு?"

"ஐயா நாற்காலியில. வேற எதுல வெப்பாங்க?"

நிலோபர் எஸ்தரம்மாவிடம் போய்க் கையை நீட்டினார். அவர் எழுந்து ஜன்னலோரம் நின்றார். நிலோபர் இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் வைத்தார். மெத்தையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"மெத்தை, டீச்சரம்மா" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியும்ணா."

"தரை அதிரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

அத்தோடு சரி. பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. வருஷக்கணக்காக ஒரு ஆள் ரப்பரைச் சுமந்துகொண்டு அலைகிறார், சொன்னவர் சொன்னேன் என்கிறார்.

நிலோபர் பையிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினார். "காதுல வெச்சுக்குங்க. அதுக்கு மேல இந்த ஹெட்போனையும் மாட்டிக்குங்க. இப்பத் தவழுங்க."

"காதை அடைச்சுக்கிட்டு எதைக் கேக்கறது?"

அதற்குள் நிலோபர் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டார். பதில் வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

பொன்னுரங்கம் மண்டியிட்டார். உலகம் பஞ்சுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மேகம் முகத்துக்கு நேரே வந்தது. முன்னால் பலகை மட்டும் தெரிந்தது, அதுவும் கொஞ்ச தூரத்துக்கு. உள்ளங்கையை ஊன்றி நகர்ந்தார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் போனார். ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்பதே மறந்துபோனது. சுவர் எங்கே, திரை எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு முதன்முதலாகத் தனியாக இருப்பது போல் இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்தம்மா இத்தனை வருஷம் இங்கேயா இருந்தார் என்று நினைத்தார்.

அப்போது கைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

மரத்துக்குள் பூனை படுத்துத் தூங்குகிற மாதிரி. கையை எடுத்தார், மறுபடி வைத்தார். இருந்தது. ஒரு பலகை தள்ளினால் இல்லை. திரும்பி வந்தால் இருந்தது. முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு ஏறியது. பொன்னுரங்கம் அங்கேயே குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று அவருக்குத் தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள்.

எஸ்தரம்மா குனிந்து நின்றுகொண்டிருந்தார். "என்ன கிடைச்சுது?" என்று அவர் கேட்டது உதட்டில் தெரிந்தது.

பொன்னுரங்கம் அவர் கையைப் பிடித்துத் தரையில் வைத்தார்.

எஸ்தரம்மா கையை எடுக்கவே இல்லை.

அந்த இடம் மாடிப்படியிலிருந்து அறைக்குள் வரும் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. யாரும் சாமான் வைக்க நினைக்காத இடம்.

"நடக்கற வழியாச்சே" என்றார் அருமைநாதன்.

"நான் சுத்திப் போய்க்கறேன்" என்றார் எஸ்தரம்மா.

இரண்டாவது பெட்டியை அங்கே இறக்கினார்கள், வெறும் பலகை மேல். எஸ்தரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெட்டி மட்டும் ஒலித்தது. தன் பாதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நிலோபர் முதல் பெட்டியையும் சேர்த்து ஒலிக்கவிட்டார்.

"போயிருச்சு" என்றார் எஸ்தரம்மா.

பொன்னுரங்கத்தின் கை தானாகச் சத்தம் கூட்டும் திருகுக்குப் போனது. பழக்கம் விடுமா? நிலோபர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"குறைச்சலா இல்லண்ணா. ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது. கூட்டினா ரெண்டும் இன்னும் பலமா சண்டை போடும்."

பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. அது சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது. ஒரு பெட்டி எப்போது தள்ள வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தும். நிலோபர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் திருகினார். கண் எஸ்தரம்மாவின் மேலேயே இருந்தது.

"இல்ல" என்றார் எஸ்தரம்மா. "இல்ல. இப்பவும் இல்ல. ம்... இருங்க. இருங்க."

நிலோபர் கையை எடுத்துவிட்டார்.

"என் சீட்டுல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி..." என்று ஆரம்பித்தார் அருமைநாதன். மனைவியின் முகத்தைப் பார்த்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்.

படம் ஓடியது. மழைக்காட்டில் ஒருவன் வழி தவறிப் போகிற படம், இருவரும் பார்த்திராதது. அறைக்குள் மேகமும் திரைக்குள் மேகமும் ஒன்றாகிவிட்டன. அவன் எந்தப் பக்கம் நடக்கிறான், திரைக்கு உள்ளேயா, இந்தப் பலகைத் தரையிலா என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. நிலோபரும் பொன்னுரங்கமும் திரைக்குப் பக்கத்தில், பார்க்கிறவர்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

இடி விழுந்தது.

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. எஸ்தரம்மாவின் கை கணவரின் கையைப் பற்றிக்கொண்டது. அவர் கணவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய வழிய.

பொன்னுரங்கத்தின் கையில் சத்தத்தை அளக்கும் மைக் இருந்தது. அது அறையைக் கேட்டு, தன் சின்னத் திரையில் ஒரு கோடு வரைந்திருந்தது. அதை நிலோபரிடம் காட்டினார். நேராக இருக்க வேண்டிய கோடு, மேடும் பள்ளமுமாக இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் இன்னும் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.

"டீச்சரம்மா, கோடு கோணல். தரை அதிருது. அலமாரி வேற ஆடுது. நீங்க சொல்லிக்கொடுத்தது எதுவுமே இங்க இல்ல. சரியா வெச்சாச்சுன்னு நான் எதைப் பார்த்துச் சொல்லுவேன்?"

"இடி விழுந்தப்ப நீங்க அவங்க ரெண்டு பேரையும்தானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"கண்ணை எடுக்கல."

"யாரு முதல்ல திடுக்கிட்டது?"

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். இருவரும் ஒன்றாகத்தான் திடுக்கிட்டிருந்தார்கள். மைக்கை அணைத்துப் பைக்குள் வைத்தார்.