சத்தமாக எழுதவும்

படிக்காத முட்டாள்களின் கதை எல்லோருக்கும் தெரியும். இது முனைவர் பட்டம் வாங்கிய மூன்று பேரின் கதை. பட்டம் வாங்கினால் புத்தி வராதா என்று கேட்கக் கூடாது. இரண்டையும் ஒரே கவுண்டரில் கொடுப்பதில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதியில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அத்தனை பேரும் வாளியோடு நூலகத்துக் குழாயடியில் வரிசையில் நின்றோம். பொறியாளருக்குக் கடிதம் போனால் புது மோட்டார் வரும். எழுத வேண்டியது விடுதிக் குழு. தலைவர் தணிகாசலம், செயலாளர் ஏகாம்பரம், பொருளாளர் சவரிராயன். மாணவிகள் சார்பில் குழு அறைக்குப் போன நான், பெண்கள் விடுதிக்கு ஏன் மூன்று ஆண்கள் என்று கேட்டேன்.

"தண்ணி எல்லாருக்கும் பொதுதானம்மா" என்றார் தலைவர்.

மோட்டார் வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். கடைசி வரியில்தான் வண்டி நின்றது. 'வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதியிருந்தார் ஏகாம்பரம்.

"ஹியர் இல்ல சார், ஹியரிங். லுக் ஃபார்வர்ட் டு போட்டா அடுத்த சொல்லுல 'இங்' வரணும். உங்க பதிலை எதிர்பார்க்கிறோம்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்றேன்.

"ஹியரிங் கோர்ட்லதானே நடக்கும்? நமக்குத் தெரிஞ்ச வக்கீல் யாரு?" என்றார் சவரிராயன்.

மதியச் சாப்பாடு வரை வாதாடினேன். அகராதியை விரித்துக் காட்டிய பிறகு 'இங்' போட்டார்கள்.

தலைவருக்கு இப்போது வேறு கவலை. "லுக் ஃபார்வர்ட் பொய்யாச்சே. முன்னாடி பார்த்தா கேன்டீன்தான் தெரியுது. பொறியாளர் ஆபீஸ் நமக்குப் பின்னாடில்ல இருக்கு?"

"பொய்யான வாக்கியத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஏகாம்பரம்.

மூவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி கையெழுத்திட்டார்கள்.

பதில் ஒட்டிய உறையில் வந்தது. பிரிக்கப் போன என் கையை ஏகாம்பரம் தட்டிவிட்டார்.

"நாம எழுதினது ஹியரிங். ரீடிங் இல்ல. நீதானேம்மா அகராதி காட்டினே?"

உறையைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஒன்றும் கேட்கவில்லை. சவரிராயன் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "உள்ள ஏதோ முணுமுணுக்கிறார்" என்றார்.

"நான் படிக்கிறேன், நீங்க காதால கேளுங்க சார்."

தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஹியரிங் ஃப்ரம் யூன்னு இருக்கும்மா. யூன்னா பொறியாளர். நீ யூ இல்ல."

குளித்து மூன்று நாளான ஒருத்தியிடம் 'நீ யூ இல்லை' என்று சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஒரு குறிப்பு: 'தங்கள் பதில் காதில் விழவில்லை. சற்றுச் சத்தமாக எழுதவும்.'

பொறியாளர் கோபக்காரர். மறுநாள் சார்ட் அட்டை ஒன்று வந்தது. சிவப்பு மை, எலுமிச்சம்பழம் அளவு எழுத்து. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது: 'மோட்டார் தயார். இன்றே எடுத்துச் செல்லவும். இல்லாவிட்டால் ஆண்கள் விடுதிக்குப் போய்விடும்.'

ஏகாம்பரம் அதைச் சுருட்டிக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து, காதைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் தலைவர்.

"இந்தக் கத்து கத்தினா என்ன புரியும்?"

"மோட்டார் தயார்னு எழுதியிருக்கார் சார்" என்றேன்.

"என்ன வேணா எழுதட்டும். படிச்ச மனுஷன் இப்படியா கத்துவார்? இவர் கையால மோட்டார் வாங்கினா நமக்கு என்ன மரியாதை?" என்றார் சவரிராயன்.

வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். சாயங்காலம் மோட்டார் ஆண்கள் விடுதிக்குப் போனது. நாங்கள் வாளியோடு குழு அறை வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

உள்ளே பொறியாளர்மேல் பதிவாளருக்குப் புகார் தயாராகிக்கொண்டிருந்தது. நாமும் கத்தக் கூடாது, காதோடு காதாகச் சொல்ல வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஏகாம்பரம் மையில்லாத பேனாவால் எழுதினார். மூவரும் அந்த வெள்ளைத் தாளை வரிவரியாகப் படித்தார்கள். இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லை என்று என்னிடமே காட்டினார் தலைவர்.