ஒரு கோப்பு, இரண்டு கைப்பிடி

"குருவே, செத்துப்போன என் சம்சாரம் ஒரு வாரமா என்னை மாதிரியே பேசுறா" என்றார் தில்லைநாயகம்.

கணினி கற்றுத்தரும் ஞானவடிவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. குரு என்று அழைக்க வேண்டாமென அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் நாற்பது ஆண்டுகள் பட்டிமன்ற நடுவராக இருந்தவர். தீர்ப்பை மாற்றிப் பழக்கமில்லை.

"அதுல என்ன குறை, ஐயா?"

"நான் எது சொன்னாலும் ஒத்துக்கிறா. முப்பத்தாறு வருஷத்துல நடக்காத காரியம். பயமா இருக்கு."

நடந்தது இது.

அவர் மனைவி செங்கமலம் பதினோரு ஆண்டுகள் கணினியில் நாட்குறிப்பு எழுதிவந்தாள். நாளுக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. அவள் இருந்தவரை அவர் அதைத் திறந்ததில்லை.

போன பிறகு, கற்ற வித்தையைக் கொண்டு ஒரு நிரல் எழுதினார். அது குறிப்பிலிருந்து ஒரு வரியைத் திரையில் காட்டும். அவர் பதில் தட்டுவார். பதில் அதே கோப்பில் ஏறும். அடுத்த வரி வரும். கணவன் மனைவி ஒரே ஏட்டில் இருப்பதே முறை என்பது அவர் கட்சி.

முதல் மாதங்களில் பதில்கள் சுருக்கமாக இருந்தன. "சரி." "ஆமாம்." துக்கம் தெளியத் தெளிய நாக்கு திரும்பியது.

நேற்று செங்கமலம், "ஆக, இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்தால்" என்று தொடங்கினாளாம்.

ஞானவடிவு நிரலை நிறுத்தாமல் உள்ளே பார்த்தாள். கோப்பை அவர் இரண்டு முறை திறந்திருந்தார். நிரல் ஒரு கோப்பைப் பற்றும் பிடிக்குக் கணினி வழக்கில் கைப்பிடி என்று பெயர். படிக்க ஒரு கைப்பிடி. எழுத ஒரு கைப்பிடி.

"எழுதுற கைப்பிடி எங்க நிக்குது, ஐயா?"

"அவ சொல்லி முடிச்ச இடத்துல."

"யார் சொன்னா?"

"அதுதானே மரியாதை."

கைப்பிடிக்கு மரியாதை தெரியாது. ஒவ்வொன்றும் தன் இடத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். இரண்டும் முதல் எழுத்திலிருந்தே கிளம்பியிருந்தன. எழுதும் கைப்பிடி, வழியில் இருந்தவற்றின் மேலேயே எழுதிக்கொண்டு படிக்கும் கைப்பிடிக்குப் பின்னால் வந்தது. முதலில் மெதுவாக.

"கோப்பு நூறு பங்குன்னா, படிக்கிறது எண்பத்தெட்டுல நிக்குது" என்றாள். "எழுதுறது தொண்ணூத்தேழுல."

அவர் வெகுநேரம் கணக்குப் போட்டார். "அவளைத் தாண்டிட்டேனா?"

"ஒரு வாரம் ஆச்சு."

"நான் ஏற்கெனவே படிச்சதெல்லாம்?"

"அங்கேயும் இப்ப நீங்கதான் இருக்கீங்க."

நகல் உண்டா என்று கேட்டாள்.

"அவ ஒருத்திதானே" என்றார்.

மிச்சம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஞானவடிவு மூன்று விரல்களைக் காட்டினாள். பிறகு எழுதும் கைப்பிடியை மட்டும் மூடினாள். இனி விசையைத் தட்டினால் வரி வரும், அவ்வளவுதான், படியுங்கள் என்றாள்.

அவர் படித்தார். மனைவியின் இடத்தில் உட்கார்ந்து தன் பேச்சையே கேட்டார். மூச்சு வாங்காத குரல். அது யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது. அழைக்கப்பட்டவள் எந்த வரியிலும் இல்லை. இரண்டு இடங்களில் அந்தக் குரல் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தது.

மறுநாள் பகலில், ஞானவடிவும் பக்கத்தில் இருந்தபோது, திரையில் பாதி மேலெழுதப்பட்டுச் சிதைந்த எழுத்து ஒன்று வந்தது. அதையடுத்து, பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டதுபோல, ஒரு சிறிய வரி:

"...என்று இன்றும் அவரிடம் சொன்னேன். இது மூன்றாம் முறை."

தில்லைநாயகம் திரும்பினார். "குருவே, என்னன்னு சொன்னா?"

ஞானவடிவு அதற்கு முந்தைய வரியின் மேல் விரலை வைத்தாள். அவர் கடைசியாகத் தட்டிய வரி.

"நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியும், செங்கமலம்."