ஆமையக்கா வீட்டு சோலார் பல்பு

அல்லிக்குளத்தின் கரையில் ஓர் ஆமை வாழ்ந்து வந்தது. காட்டில் எல்லோரும் அதை ஆமையக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் கோரைப்புல் மேட்டில் தீப்பிடித்தது. அங்கே முட்டையிட்டிருந்த கௌதாரி திரும்பி வரவே இல்லை. கருகாமல் தப்பிய நான்கு முட்டைகளை ஆமையக்கா மெல்ல மெல்ல உருட்டித் தன் வளைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கொண்டுவந்தாயிற்று. அடைகாப்பது எப்படி? ஆமையின் உடம்போ குளத்துத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும். அது முட்டையின் மேல் படுத்தால் குஞ்சு வராது, ஜலதோஷம்தான் வரும்!

நல்லவேளையாகப் பக்கத்து வளையில் செவந்தி என்ற முயல் இருந்தது. அது வந்து முட்டைகளை வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொண்டது. ஆனால் செவந்திக்கு அப்போது நிறைமாதம்.

"எனக்குக் குட்டி பொறந்துட்டா நான் அதுங்களைத்தான் பார்க்கணும். அதுக்குள்ள நீ ஒரு வழி பண்ணிக்கோக்கா" என்றது செவந்தி.

வழி ஒன்று இருந்தது. அந்தக் காட்டுக்கு அப்போது சோலார் வந்திருந்தது. வெளியே ஒரு பலகை, கூடவே ஒரு பேட்டரி, அதிலிருந்து ஒரு பல்பு. பகலில் பலகை வெயிலை வாங்கிக் கொடுக்கும். பேட்டரி சேர்த்து வைக்கும். இரவெல்லாம் பல்பு எரியும். அந்தச் சூடு இருந்தால் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

ஆமையக்காவின் வளைக்கு மேலே ஒரு கோரைக் கூரை உண்டு. முதுகிலேயே கூரையைச் சுமக்கிற ஆமைக்குத் தனியாக ஒரு கூரை எதற்கு என்று கேட்காதீர்கள். வருகிற விருந்தாளி நனையக் கூடாதே!

காட்டில் சோலார் மாட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் துள்ளல்ராயன் என்ற குரங்கு. இன்னொருவர் கொண்டையன் என்ற மரங்கொத்தி. ஆமையக்கா இன்னும் யாரையும் கூப்பிடக்கூட இல்லை. மறுநாள் உச்சிவெயிலில் துள்ளல்ராயன் தானாகவே வந்து வாசலில் குதித்தது.

"அக்கா! முட்டையை வெச்சுக்கிட்டுத் தவிக்கிறீங்களாமே! கேட்டதும் எனக்குச் சோறு இறங்கலை! நாளைக்கே மாட்டிடலாம்!"

"கூரையை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுப்பா."

"பார்க்க என்ன இருக்கு? வெயில்தான் கொட்டுதே!"

"ராத்திரி முழுக்க எரியுமா?"

"எரியும்!"

"மழை பெஞ்சா?"

"மழையிலதான் இன்னும் நல்லா எரியும்!"

ஆமையக்கா கழுத்தை நீட்டி அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்தது.

"இருபத்தஞ்சு வருஷம் கேரண்டி அக்கா!" என்று குரங்கு மார்பில் அடித்துக்கொண்டது.

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் நான் இங்கதான் இருப்பேன் தம்பி. நீ இருப்பியா? நடுவுல கெட்டுப்போனா யாரைக் கூப்பிடறது?"

"கெட்டாத்தானே கூப்பிடணும்! நான் மாட்டினதுல ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் கெட்டது கிடையாது! நீங்க கோடையெல்லாம் தோண்டிச் சேர்த்த தாமரைக் கிழங்கு இருக்குல்ல? அதை இன்னிக்கே குடுத்துட்டா, ஒரு ஃபேன் இனாம்!"

"முட்டைக்கு ஃபேன் எதுக்குப்பா?"

குரங்கு தலையைச் சொறிந்தது.

"சரி, நீ மாட்டின வீடு ஒண்ணு சொல்லு. போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றது ஆமையக்கா.

துள்ளல்ராயன் குளத்துக்கு அப்பால் ஓடும் ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. "அக்கரையில உடும்பண்ணன் வீடு. ஆனா நீங்க நடந்து போய் வர்றதுக்குள்ள முட்டை குஞ்சாகி, குஞ்சுக்குக் கல்யாணமே ஆயிடும்! யோசிச்சு வைங்க!" என்று சிரித்துக்கொண்டே கிளைக்குத் தாவியது.

மாலையில் ஆமையக்கா சொல்லி அனுப்பி மரங்கொத்தி வந்தது. வந்ததும் கூரைக் கழிகளை 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்தது. பக்கத்து நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தது. "காலையில வர்றேன்க்கா" என்று சொல்லிப் போய்விட்டது. காலையில் வந்து நிழல் விழும் இடத்தைப் பார்த்தது. நடுப்பகலில் மறுபடியும் வந்து பார்த்தது. செவந்திக்கு எரிச்சலாகிவிட்டது.

"மாட்ட வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?"

"இந்தக் கூரை மேல மாட்ட முடியாதுக்கா" என்றது கொண்டையன். "காலையில நாவல் மரத்து நிழல், சாயங்காலம் கரைமேட்டு நிழல். உச்சியில மட்டும்தான் வெயில். இங்க மாட்டினா பாதி ராத்திரியில பல்பு அணைஞ்சிடும். குளத்தோரப் பாறையில பலகையையும் பேட்டரியையும் சேர்த்து மாட்டலாம். அங்கிருந்து ஒயரை மூங்கில் குழாய்க்குள்ள விட்டுக் கொண்டுவரணும். வேலை கொஞ்சம் கூட. நாளும் ஆகும்."

"மழை பெஞ்சா?" என்று ஆமையக்கா கேட்டது.

"ஒரு நாள் மழைன்னா தாங்கும். அடைமழை பிடிச்சா எரியாதுக்கா. அப்ப யாராவது படுத்துத்தான் ஆகணும்."

"நீ மாட்டினது எதாவது கெட்டுப்போயிருக்கா?"

மரங்கொத்தியின் கொண்டை சற்றுத் தணிந்தது. "போயிருக்குக்கா. பனைமேட்டு முள்ளம்பன்றி வீட்டுல. அங்கேயே போய்க் கேளுங்க."

அது பறந்து போனதும் செவந்தி பொரிந்து தள்ளிவிட்டது.

"கேட்டியாக்கா! கெட்டுப்போச்சுன்னு தன் வாயாலேயே சொல்றான்! அந்தக் குரங்கு மாட்டினது கெட்டதே இல்லையாம்! நாளைக்கே மாட்டறேன்னும் சொல்லுது! என் வயித்தைப் பாரு. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

அது சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆமையக்கா முட்டைகளை ஒரு தடவை பார்த்தது. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. தப்பான ஆளைப் பிடித்தாலும் முட்டை போச்சு. ஆளைத் தேடியே நாளைக் கழித்தாலும் முட்டை போச்சு.

"கொஞ்சம் பொறுத்துக்கோ செவந்தி. ரெண்டு வீட்டையும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, மறுநாள் விடிந்ததும் கிளம்பியது.

துள்ளல்ராயன் கெட்டிக்காரக் குரங்குதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டது. ஆமைக்குத் தரையில்தான் மெதுநடை. ஆற்றில் இறங்கிய ஆமையக்கா, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் அக்கரை சேர்ந்துவிட்டது!

உடும்பு வாசலிலேயே மறித்தது. "அங்கேயே நில்லு! ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு தெரியாதா? ஒரு கால் உள்ள வெச்சே, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

ஆமையக்கா அங்கேயே நின்றது. கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தது. பட்டப்பகலிலும் வீட்டுக்குள் கும்மிருட்டு. கூரையில் பலகை ஒருபக்கமாகத் தொங்கியது. அதன் மேல் மைனா ஒன்று கூடு கட்டியிருந்தது.

"நான் இன்னும் உள்ள வரவே இல்லையே அண்ணே. அதுக்குள்ள வீடு ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

உடும்புக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்தக் குரங்குப் பயல் மாட்டினது. ஒரு மாசம் ஜோரா எரிஞ்சுது. அப்புறம் அணைஞ்சுது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன்! இந்த மரத்துல கூப்பிட்டா அந்த மரத்துக்குத் தாவறான். என்னால தாவ முடியுமா?"

"கெட்டதே இல்லைன்னு சொல்றானே!"

"வந்து பார்த்தாத்தானே கெட்டது தெரியும்!" என்றது உடும்பு.

ஆமையக்கா அங்கிருந்து பனைமேட்டுக்குப் போனது. வாசலில் தயங்கி நின்றது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"என்னக்கா, வெயில்ல நிக்கறே? உள்ள வா."

"நான் ஆமை..."

"நான் முள்ளம்பன்றி! என் வீட்டுக்குள்ள வரத்தான் மத்தவங்க பயப்படணும். வா, வா!"

உள்ளே பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆமையக்கா மரங்கொத்தியைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், முள்ளம்பன்றி ஆரம்பித்துவிட்டது.

"கொண்டையனா? சிடுமூஞ்சி! கூலியில ஒரு பிடி குறைக்க மாட்டான். ஒயரைத் தாழ்வா விட்டுட்டான். என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு என் முள்ளே அதுல மாட்டி இழுத்து, எல்லாம் அணைஞ்சுபோச்சு! பந்தியில உட்கார்ந்தவங்க இலை எது, சோறு எதுன்னு தெரியாம தடவறாங்க! மானம் போச்சு!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆள் அனுப்பினேன். வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தான். 'தப்பு என்னோடதுதான்'னான். ஒயரை மேல தூக்கிக் கட்டினான். விளக்கு எரிஞ்சப்புறம்தான் பந்தி நடந்தது. சாப்பிடச் சொன்னேன், வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராமலே போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அப்பப்ப வந்து பலகையைத் துடைச்சிட்டுப் போறான்." முள்ளம்பன்றி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "சிடுமூஞ்சிதான். ஆனா என் ரெண்டாவது பொண்ணு வீட்டுக்கும் அவன்தான் மாட்டப் போறான்."

ஆமையக்காவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளே மரங்கொத்தி வேலையைத் தொடங்கியது. பாறையில் பலகையும் பேட்டரியும் ஏறின. மூங்கில் குழாய்க்குள் ஒயர் வந்தது. துள்ளல்ராயன் ஒரு கிளையில் உட்கார்ந்து, "மாட்டினது கெட்டுப்போறவன்கிட்டயே போய்க் குடுத்திருக்கீங்களே! சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறீங்களே!" என்று பரிதாபப்பட்டது. ஆமையக்கா காது கேட்காதது போல இருந்துவிட்டது.

வேலை முடிந்ததும் கொண்டையன், "கோளாறுன்னா இந்த மூங்கிலைத் தட்டுங்கக்கா. எங்க இருந்தாலும் என் காதுக்குக் கேட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. பல்பு எரிந்தது. முட்டைகள் மேல் மஞ்சள் வெளிச்சம் பரவியது. செவந்தி தன் வளைக்குப் போனது. அடுத்த நாளே அதற்குக் குட்டிகள் பிறந்தன.

சில நாள் எல்லாம் நன்றாக நடந்தது. ஒரு மாலையில் முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆமையக்காவுக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிட்டது. அதே நேரத்தில்தான் காற்றும் தூறலும் கிளம்பின. நாவல் மரத்தில் ஏதோ மடார் என்று முறிந்தது. பல்பு அணைந்தது.

ஆமையக்கா சருகுகளை இழுத்து முட்டைகளை மூடியது. தவழ்ந்து போய்த் தன் ஓட்டால் மூங்கிலை இடித்தது. டொக்! டொக்! பதில் இல்லை. தூறல் வலுத்தது. அக்கரையில் உடும்பு தன் வாசலில் நின்று, "துள்ளல்ராயா! ஏலே, துள்ளல்ராயா!" என்று கத்துவது காற்றில் வந்தது. அதற்கும் ஒரு மரமும் பதில் சொல்லவில்லை.

"கொண்டையா, நீயும் என்னைக் கைவிட்டுடாதேப்பா" என்று சொல்லிக்கொண்டே ஆமையக்கா மறுபடியும் இடித்தது. டொக்! டொக்!

எங்கோ தூரத்து மரத்திலிருந்து ஒரு 'டொக்' வந்தது. பிறகு இன்னும் கிட்டத்தில் ஒன்று. நனைந்து ஒட்டிப்போன கொண்டையோடு மரங்கொத்தி வந்து இறங்கியது. நேராக மூங்கிலைத் தேடிப் போனது. முறிந்த கிளை விழுந்து குழாய் பிளந்து, ஒயர் அறுந்திருந்தது. அலகால் அதை முடிச்சிட்டுக் கட்டியது. பல்பு ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"அந்தக் கிளை காய்ஞ்சிருந்ததை நான் முன்னாடியே பார்த்திருக்கணும்க்கா" என்றது மரங்கொத்தி.

ஆமையக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ள வந்து முதல்ல நீ காய்ஞ்சுக்கோ" என்றது.

பொழுது விடிவதற்குள் நான்கு குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. வந்ததும் ஆமையக்காவின் முதுகில் ஏறி நின்று கத்தத் தொடங்கின. முதுகில் இருக்கிற கூரைக்கும் கடைசியில் ஒரு வேலை வந்தது!

சில நாள் கழித்து உடும்பு ஆற்றை நீந்திக்கொண்டு வந்தது. வாசலில் நின்று தொண்டையைச் செருமியது.

"ஆமையக்கா! அந்தக் கொண்டையனைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாயேன்!"

"நான் வந்தா வீடு உருப்படாதே அண்ணே!"

"அட போக்கா! நீ கேட்ட மாதிரி நானும் முன்னாடியே கேக்காததாலதான் என் வீடு உருப்படாமப் போச்சு!"

பழுதே வராது என்று அடித்துப் பேசுகிறவனைவிட, பழுது வந்த அன்று ஓடி வந்து நிற்கிறவனே நம்பத் தகுந்தவன் என்பதால், ஒருவனிடம் வேலையை ஒப்படைக்கும் முன் அவன் வாயைக் கேட்காமல் அவன் வேலை செய்த வீட்டைக் கேட்க வேண்டும்.