வைகுண்டநாதனின் கண்ணாடி

1976 ஆகஸ்டில் குற்றாலத்துக்கு நான்கு பேராசிரியர்கள் வந்தார்கள், தலைவர் வைகுண்டநாதன். சாரல் ஜன்னல் வழியே அறைக்குள் வந்துபோன காலம் அது. குரங்குகள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த மாணவி இசக்கியம்மாளை அவர்கள் சோதிக்க வேண்டும்.

“குரங்குக்குப் பறிக்கத்தான் தெரியும்மா. அதுக்குப் படிப்பு ஏறும்னு இன்னிக்கே காட்டு. இல்லேன்னா ஆய்வை மூடிட்டு ஊருக்குப் போ” என்றார் வைகுண்டநாதன்.

“சரிங்க சார். நாலு பேரும் கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில வைங்க.”

கூரையிலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கியது. மூன்று கண்ணாடிகளைத் தாண்டிப்போய், வைகுண்டநாதனின் தடித்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேலே ஏறியது.

“என்னோடதை மட்டும் ஏன் எடுக்குது?”

“நேத்து நாலு பேர் கண்ணாடியையும் எடுத்துச்சு சார். மத்த மூணு பேரும் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து மீட்டாங்க. நீங்க பதறிப்போய் ஒரு சீப்புப் பழத்தையே நீட்டினீங்க.”

1978 ஜூனில் இசக்கியம்மாள் முனைவர் பட்டம் பெற்றார். பரிந்துரையில் முதல் கையெழுத்து வைகுண்டநாதனுடையது.